இடுப்பில் நின்ற நாலரைக் கிலோ

உலகத்திலேயே அழகான உடுப்பு எது என்று யாரும் என்னிடம் கேட்பதில்லை. கேட்காவிட்டால் என்ன, நானே சொல்வேன். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் சொல்லியிருக்கிறேன், ரயிலில் எதிர் சீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறேன், பல் டாக்டரிடம் வாயில் பஞ்சை வைத்துக்கொண்டே சொல்லப் பார்த்திருக்கிறேன். சார்ல்ஸ் ஜேம்ஸ் என்கிற மகாமனிதர் 1953இல் நியூயார்க்கில் உருவாக்கிய ‘க்ளோவர் லீஃப்’ கவுன்! பெரிய இடத்துப் பெண்கள் ராத்திரி நடன விருந்துக்குப் போட்டுக்கொண்டு போகிற கவுன். எடை பத்து பவுண்டு, நம் கணக்கில் ஏறக்குறைய நாலரைக் கிலோ. தோளில் பட்டை கிடையாது. கழுத்தில் கயிறு கிடையாது. அப்படியானால் அந்த நாலரைக் கிலோ எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது? அதைத்தான் சொல்லப்போகிறேன். காபி வேண்டுமென்றால் இப்போதே எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள், நடுவில் நிறுத்த மாட்டேன்.

2014 மே 8 முதல் ஆகஸ்ட் 10 வரை நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் ‘சார்ல்ஸ் ஜேம்ஸ்: பியாண்ட் ஃபேஷன்’ என்று ஒரு கண்காட்சி வைத்தார்கள். மியூசியத்தின் உடைப் பிரிவைப் புதுப்பித்து, அன்னா வின்டூர் பெயரைச் சூட்டித் திறந்த கையோடு வைத்த முதல் கண்காட்சி. அறுபதுக்கு மேற்பட்ட உடைகள், எல்லாம் ஒரே மனிதர் கையால் உருவானவை. நான் அப்போது நியூஜெர்சியில் இருந்தேன். மதுரையிலிருந்து அக்கா வந்திருந்தாள். அக்கா லேடீஸ் டெய்லர். கல்யாண ஜாக்கெட் என்றால் அவளிடம்தான் என்று ஒரு கூட்டமே உண்டு. சுதந்திர தேவி சிலையைப் பார்க்கணும் என்று கிளம்பியவளை நான்தான் ஐந்தாவது அவென்யூ பக்கம் இழுத்துக்கொண்டு போனேன். “ஊரு விட்டு ஊரு வந்தும் தச்ச துணியவா பாக்கணும்? அதைத்தானடா வருசம் பூரா பாக்குறேன்” என்று படியேறும்போதே முணுமுணுத்தாள். அந்தக் காலத்தில் அங்கே நுழைவுக்கு இஷ்டப்பட்டதைக் கொடுத்தால் போதும் என்று தெரிந்ததும் கொஞ்சம் சமாதானமானாள்.

உள்ளே போனால் இருட்டு. சாதாரண இருட்டு இல்லை, தியேட்டரில் படம் தொடங்குவதற்கு முந்தைய நொடி மாதிரி எல்லாரும் குரலைத் தணித்துக்கொள்கிற இருட்டு. அந்த இருட்டுக்குள் அங்கங்கே கவுன்கள், ஒன்றுக்கொன்று தள்ளித்தள்ளி, ஒவ்வொன்றின் மேலும் வெளிச்சம். சுவரோடு சேர்த்து வைக்காமல் நட்ட நடுவில் நிறுத்தியிருக்கிறார்கள், சுற்றிச் சுற்றி வரலாம். யோசித்துப் பாருங்கள், புத்தகத்தில் முன்பக்கம் மட்டுமே பார்த்துப் பார்த்து ஏங்கிய ஒரு உடையின் முதுகை முதல்முறையாகப் பார்க்கிறேன்! எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. வெட்கமாகத்தான் இருக்கிறது சொல்ல, ஆனால் வேர்த்தது, சட்டையில் துடைத்துக்கொண்டேன்.

இப்போது க்ளோவர் லீஃபுக்கு முன்னால் உங்களைக் கொண்டுபோய் நிறுத்துகிறேன், வாருங்கள். மேலே மார்க்கச்சைப் பகுதி, உடம்போடு ஒட்டினாற்போல, தந்த வெள்ளையில் கெட்டியான பட்டு சாட்டின். அந்த சாட்டின் இடுப்பு வரைக்கும் கப்பென்று பிடித்துக்கொண்டு வந்து, இடுப்புக்குக் கீழே திடீரென்று மனது மாறி விரிகிறது. விரிந்து போகிற வழியில் ஓர் இடத்தில் சாட்டின் முடிந்து கறுப்பு வெல்வெட் தொடங்குகிறது, அதுவும் நேர்கோட்டில் தொடங்கவில்லை, வளைந்து வளைந்து ஏறி இறங்குகிற ஒரு கோட்டில். அந்தக் கறுப்புக்குக் கீழே மறுபடியும் வெள்ளை, ஆனால் மேலே இருந்த வெள்ளை இல்லை, பளபளப்பு அடங்கிய, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வரியோடிய வேறொரு பட்டு. சாட்டின் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிறது, வெல்வெட் அதே வெளிச்சத்தை அப்படியே குடித்துவிடுகிறது, கீழே உள்ள பட்டு பாதி வாங்கிக்கொண்டு பாதி தருகிறது. இரண்டே நிறம்! கறுப்பும் வெள்ளையும்! பூவேலை இல்லை, ஜரிகை இல்லை, கல் இல்லை, ஒரு மணிகூட இல்லை. ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. பாவாடையின் கீழ் விளிம்பு நான்கு இதழாகப் பிரிந்து அலையலையாக மேலேறிக் கீழிறங்கிச் சுற்றி வருகிறது, மேலிருந்து பார்த்தால் நாலிலைக் க்ளோவர், அதிர்ஷ்டம் தரும் என்று அந்த ஊர்க்காரர்கள் நம்புகிற இலை.

அக்கா ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். குனிந்தாள், கயிற்றுக்கு வெளியே இருந்தே தலையைச் சாய்த்து அந்த சாட்டினும் வெல்வெட்டும் சேருகிற கோட்டைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு நிமிர்ந்து, “தம்பி, இந்த ஒரு தையல் போதும்டா, இவன் யாருன்னு சொல்ல” என்றாள்.

ஏன் என்று கேட்டேன். கேட்டதுதான் தாமதம், வகுப்பே எடுத்துவிட்டாள். வெல்வெட் மெஷினில் நழுவும். மேல் துணி ஒரு வேகத்தில் போகும், அடித் துணி ஒரு வேகத்தில் போகும், தைத்து முடித்துப் பார்த்தால் ஒன்று நீண்டு ஒன்று குறைந்திருக்கும். அதோடு வெல்வெட்டுக்கு ரோமத்தின் போக்கு உண்டு, எல்லாத் துண்டையும் ஒரே போக்கில் வெட்டியாக வேண்டும், ஒன்றைத் திருப்பி வெட்டிவிட்டால் அது மட்டும் வேறு கறுப்பாகத் தெரியும். சாட்டினோ ஊசி குத்தின இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும், பிரித்துத் தைக்க வழியே கிடையாது. இந்த இரண்டு வம்புக்காரத் துணியையும் வளைவான கோட்டில் சேர்ப்பது என்றால், ஒன்று உள்வளைவு, இன்னொன்று வெளிவளைவு, உள்பக்கம் சின்னச் சின்னதாகக் கத்தரி கொடுத்து, கையால் ஒட்டுத்தையல் போட்டு நிறுத்தி, பிறகு மெதுவாகத் தைக்க வேண்டும். “எங்கயாச்சும் சுருக்கம் இருக்கான்னு பாத்தேன். ஒரு நூல் அளவுகூட இல்லைடா.” இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு பொறாமை இருந்தது பாருங்கள், அந்தப் பொறாமைக்காகவே டிக்கெட் காசு இரண்டு மடங்கு கொடுத்திருக்கலாம் என்று தோன்றியது.

இனிமேல்தான் விஷயமே. கவுனுக்குப் பக்கத்தில் ஒரு இயந்திரக் கை! ஆமாம், ரோபாட் கை. அதன் நுனியில் கேமராவும் ஒளி பாய்ச்சுகிற கருவியும். அந்தக் கை மெல்ல நகர்ந்து கவுனின் ஒரு தையலைத் தேடிப் பிடித்து அதன்மேல் வெளிச்சம் போடுகிறது, பக்கத்துத் திரையில் அந்த இடத்துக்குள் என்ன இருக்கிறது என்று காட்டுகிறார்கள். டில்லர் ஸ்கோஃபிடியோ ரென்ஃப்ரோ என்ற கட்டடக்கலை நிறுவனம் செய்த ஏற்பாடு இது. ஒரு உடையைக் காட்டக் கட்டடம் கட்டுகிறவர்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள், அதிலேயே உங்களுக்குப் புரிந்திருக்க வேண்டும். திரையில் முதலில் முழுக் கவுன். அப்புறம் அதன் மேல்தோல் உரிந்து, உள்ளே இருப்பது எக்ஸ்ரே மாதிரி தெரிகிறது. அப்புறம் ஒவ்வொரு துண்டாகக் கழன்று, தட்டையாகி, கட்டிங் டேபிளில் விரித்த பேட்டர்னாகப் படுக்கிறது. மறுபடி எழுந்து, வளைந்து, பக்கத்துத் துண்டைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்கிறது. நான் அங்கேயே நின்றுவிட்டேன். திரும்பத் திரும்ப அதே படம், திரும்பத் திரும்ப அதே துண்டுகள், ஒவ்வொரு தடவையும் அந்தக் கடைசித் துண்டு வந்து சேரும்போது என்னையறியாமல் “ஆஹா” என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது, ஏனென்றால் பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பாட்டியம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். காவலர் இரண்டு முறை என் பக்கமாக நடந்தார். பார்க்கட்டும்!

மொத்தம் 30 பேட்டர்ன் துண்டுகள். அதில் 28, இடம் வலம் என்று ஜோடி ஜோடியாக வெட்டியவை. இரண்டு மட்டும் முழுத் துண்டு. “முப்பதா?” என்றாள் அக்கா. ஜாக்கெட்டுக்கு முன்பக்கம், பின்பக்கம், கை, பட்டி, கிராஸ் பீஸ் என்று அவள் கணக்கு வேறு. துணியை நேரே வெட்டினால் எப்படி விழும், கிராஸாக வெட்டினால் எப்படி இழுத்துக்கொடுக்கும் என்பது அவளுக்கு விரல்நுனியில் இருக்கிறது. இந்த மனிதர் அதே அறிவை எடுத்துக்கொண்டு, எந்த இடம் இழுக்க வேண்டும், எந்த இடம் விறைக்க வேண்டும் என்று உடம்பைச் சுற்றி முப்பது முடிவு எடுத்திருக்கிறார். சாதாரணமாக டாட் பிடித்து அடைக்கிற இடத்தில் இவர் ஒரு புதுத் துண்டையே வெட்டி வளைத்துவிடுகிறார்.

அதைவிட உள்ளே போங்கள், அங்கேதான் நான் மயங்கி விழாத குறை. கவுன் என்று நாம் பார்க்கிறது மேலே இருக்கிற ஒரு அடுக்குதான், உள்ளே இன்னும் மூன்று இருக்கிறது! உடம்பை ஒட்டி டஃபெட்டாவில் ஓர் உள்பாவாடை, அதன்மேல் விறைப்பாகக் கட்டமைத்த ஓர் அடிப்பாவாடை, அதன்மேல் மேலாடையின் விரிவுக்குத் தோதாக விரிகிற இன்னொரு பாவாடை, எல்லாவற்றுக்கும் மேலேதான் நம் சாட்டினும் வெல்வெட்டும், அந்த நான்கு இதழ் வடிவம் வெளியே தெரிகிற துணியால் வந்ததே இல்லை, உள்ளே யாருக்கும் தெரியாமல் உழைக்கிற அந்த அடிப்பாவாடை சுமந்து காட்டுகிற வடிவம் அது, மேலே உள்ள பட்டு நிம்மதியாக, எந்தக் கவலையும் இல்லாமல், படுத்துக்கிடக்கிறது, பாரம் எல்லாம் உள்ளே, அழகு எல்லாம் வெளியே, அந்தப் பாரத்தையும் தோளில் ஏற்றாமல், மார்பில் ஏற்றாமல், இடுப்பில் கொண்டுவந்து, அந்தப் பெண்ணின் எலும்பு எங்கே அகன்று தாங்க வாகாக இருக்கிறதோ சரியாக அங்கே உட்கார வைத்திருக்கிறார், இத்தனையும் அந்த இருட்டில் அந்தத் திரையில் பார்த்தபோது எனக்கு நெஞ்சை அடைத்துக்கொண்டு வந்தது, ஒரு பாவாடைக்காகக் கண்ணீர் விட்ட ஆம்பளை என்று யாராவது எழுதிவைத்துக்கொள்ளட்டும், விட்டேன், துடைத்தேன், மறுபடியும் பார்த்தேன்!

போட்டுக்கொண்ட பெண்களுக்கு அது கனமாகவே தெரியாதாம். நாலரைக் கிலோவும் சமன்பட்டு நிற்பதால் நடக்க இலேசு, ஆடவும் இலேசு. எனக்கு இது மாயமாகத் தெரிந்தது, அக்காவுக்கு ஒரே வரியில் முடிந்துவிட்டது: “தண்ணிக் கொடத்தைக் கையில தூக்கிப் பாரு, இடுப்புல வச்சுப் பாரு. அம்புட்டுதான்.”

அம்புட்டுதான்! நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இதைவிட நன்றாக யாரும் சொல்லவில்லை.

சரி, இந்த யோசனை அந்த மனிதருக்கு எங்கிருந்து வந்திருக்கும்? எனக்கு ஒரு கட்சி உண்டு, கேளுங்கள். சார்ல்ஸ் ஜேம்ஸ் முறைப்படித் தையல் படித்தவர் இல்லை. 1906இல் இங்கிலாந்தில் பிறந்தார், அப்பா பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி, அம்மா சிகாகோக்காரி. ஹாரோ பள்ளியில் சேர்த்தார்கள், அங்கிருந்து வெளியே அனுப்பிவிட்டார்கள். 1926இல் சிகாகோவில் ஒரு கடை போட்டார், என்ன கடை? தொப்பிக் கடை! பெண்களுக்கான தொப்பி. இப்போது ஒரு தொப்பியை மனக்கண்ணில் நிறுத்திப் பாருங்கள். அது தலையை எங்கே பிடிக்கிறது? சுற்றிலும் ஒரே ஒரு வளையத்தில். மற்றதெல்லாம், அந்த அகல விளிம்பு, அந்த வளைவு, அந்த ஏற்றம், எல்லாம் காற்றில் தானே நிற்கிறது. தொப்பிக்காரனுக்குத் துணி என்றால் தொங்குகிற பொருள் கிடையாது, நிற்கிற பொருள். விறைப்பு கொடுத்தால் நிற்கும், வளைத்தால் வளைந்தபடி நிற்கும். நாலிதழ் வடிவத்தைக்கூட அவர் தொப்பியில் முன்பே செய்து பார்த்திருக்கிறார். அந்த வளையத்தைத் தலையிலிருந்து இறக்கி இடுப்பில் மாட்டினார், விளிம்பைப் பாவாடை ஆக்கினார், முடிந்தது கதை! தையல்காரன் வழியாக வந்திருந்தால் இந்தக் கவுன் பிறந்தே இருக்காது என்று நான் அடித்துச் சொல்வேன். அக்கா இதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. “தையல்காரன் இல்லாம இந்தத் தையல் எப்படிடா வந்துச்சு? அவன் யோசிச்சான், ரூம்ல உக்காந்து யாரோ பொம்பளைங்க தச்சாங்க.” அதுவும் நியாயம்தான். அவர் பட்டறையில் உட்கார்ந்து அந்த வளைவுகளைத் தைத்த கைகளுக்கும் ஒரு கும்பிடு.

இவர் வேறு என்னென்ன செய்தார் தெரியுமா? 1930களின் தொடக்கத்திலேயே ‘டாக்ஸி’ என்று ஓர் உடை, உடம்பைச் சுற்றிக் கட்டிக்கொள்வது. டாக்ஸியின் பின்சீட்டில் உட்கார்ந்தபடியே மாற்றிக்கொள்ளலாம் என்பதால் அந்தப் பெயர். 1937இல் வெள்ளை சாட்டினுக்குள் பறவையின் மென்தூவி அடைத்து, மடிப்பு மடிப்பாகப் பொங்கி நிற்கிற ஒரு மாலைநேர ஜாக்கெட். இன்று குளிர் ஊர்களில் எல்லாரும் போட்டுக்கொண்டு திரிகிறார்களே உப்பிய ஜாக்கெட், அதற்கெல்லாம் கொள்ளுத்தாத்தா. இப்போது லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கிறது. ஓவியர் டாலி அதைப் பார்த்துவிட்டு, மெத்தென்ற சிற்பங்களில் இதுதான் முதலாவது என்று கொண்டாடியதாகச் சொல்வார்கள். ஒரே ஒரு கையை, சட்டையின் கையைச் சொல்கிறேன், சரியாக உட்கார வைக்க 20,000 டாலர் செலவழித்தார் என்றும் ஒரு கதை உலவுகிறது. கதையாகவே இருக்கட்டும், அந்தக் கைகளைப் பார்த்தால் நம்பிவிடுவீர்கள்.

க்ளோவர் லீஃபுக்கு வருகிறேன். அதைக் கேட்டு வாங்கியவர் ஆஸ்டின் ஹர்ஸ்ட், பத்திரிகைச் சாம்ராஜ்யம் நடத்திய ஹர்ஸ்ட் குடும்பத்து மருமகள். எதற்காகக் கேட்டார்? ஐசன்ஹோவர் அமெரிக்க ஜனாதிபதியாகப் பதவியேற்ற 1953 ஜனவரியின் நடன விருந்துக்காக. ஜனவரி வந்தது, விருந்து வந்தது, ஜனாதிபதி வந்தார், கவுன் வரவில்லை! தைத்து முடியவில்லை. அக்கா அங்கேயே வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். “பாத்தியா, அமெரிக்காவா இருந்தா என்ன, தீவாளிக்குத் தர்றேன்னு சொன்னவன் பொங்கலுக்குத்தான் தருவான்.” அப்புறம் அதே ஆண்டு ஜூனில் இங்கிலாந்தில் எலிசபெத் மகாராணிக்கு முடிசூட்டு நடந்தபோது, அந்தக் கொண்டாட்ட விருந்துக்குப் போட்டுக்கொண்டு போனார் அந்த அம்மாள். ஜனாதிபதிக்குத் தவறினது மகாராணிக்கு வாய்த்தது, கவுனுக்கு அதிர்ஷ்ட இலை என்று பெயர் வைத்தது வீண்போகவில்லை பாருங்கள்.

குறையே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, சட்டுபுட்டென்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறேன். சொன்ன தேதிக்குக் கொடுக்க மாட்டார், ஒருவருக்குத் தைத்ததையே இன்னொருவருக்கும் தலையில் கட்டுவார், யாரோடும் ஒத்துப்போக மாட்டார், கணக்கு வழக்கு தெரியாமல் கடையை மூடுகிற நிலைக்குப் போனார். சொல்லியாயிற்று. இப்போது அந்தக் கவுனின் முதுகை இன்னொரு தரம் பாருங்கள், எல்லாம் மறந்துபோகும். எனக்கு மறந்துபோனது.

அன்று மற்ற கவுன்களிடம் போகவே எனக்குக் கால் வரவில்லை, அக்காதான் இழுத்துக்கொண்டு போனாள், நல்லவேளை இழுத்தாள்! ‘பட்டர்ஃப்ளை’ என்று 1955இல் செய்த ஒன்று. முன்னால் உடம்பை இறுகப் பிடித்த, நெருக்கமாக மடிப்பெடுத்த ஷிஃபான், பின்னால் வந்தால் ஐயோ, ஐயோ, வலைத்துணி, அதாவது டூல், அடுக்கடுக்கடுக்காக, 25 கெஜம், ஒரு அடுக்கின் நிறம் இன்னொரு அடுக்கின் வழியே தெரிகிற மாதிரி கத்திரிப்பூ நிறமும் இளம் ஊதாவும் சிப்பி வெள்ளையுமாக, நாம் நகர நகர நிறம் மாறுகிறது, நின்றால் நிற்கிறது, எடை 18 பவுண்டு, எட்டுக் கிலோ! ஊதினால் பறக்கிற வலைத்துணியில் எட்டுக் கிலோ சேர்க்க வேண்டும் என்றால் எவ்வளவு மடித்து எவ்வளவு அடுக்கியிருக்க வேண்டும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள், நான் அந்த இடத்தில் கணக்குப் போடும் நிலையில் இல்லை, பின்னால் போய்ப் பார்ப்பது, முன்னால் வருவது, மறுபடி பின்னால் போவது என்று கோயில் பிராகாரத்தில் சுற்றுகிறவன் கணக்காய்ச் சுற்றிக்கொண்டிருந்தேன். “இதைப் போட்டுக்கிட்டு கார்ல எப்படிடா ஏறுவாங்க?” என்று அக்கா கேட்டாள். பதில் தெரியவில்லை, தெரியாததில் ஒரு வருத்தமும் இல்லை, கார்தான் வெட்கப்பட வேண்டும்.

இவருடைய கவுன்களை 1948இல் ஒரே படத்தில் எடுத்தார் செசில் பீட்டன், ‘வோக்’ பத்திரிகைக்காக. ஹாரோ பள்ளிக் காலத்திலிருந்தே இருவரும் நண்பர்கள். அலங்காரமான ஒரு பிரெஞ்சு பாணிக் கூடத்தில் எட்டுப் பெண்கள், எட்டுக் கவுன்கள், யாரும் கேமராவைப் பார்த்துப் பல்லைக் காட்டவில்லை, ஒருத்தி திரும்பி நிற்கிறாள், ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். அந்தப் படத்தின் பிரதி பல வருடம் என் மேஜைக்கு மேல் ஒட்டியிருந்தது. ஆபீஸ் நண்பர்கள் வந்தால் “யாருப்பா இவங்க, சொந்தக்காரங்களா?” என்று கிண்டல் செய்வார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். அந்த எட்டுப் பேரின் பாவாடை மடிப்பும் எனக்கு மனப்பாடம், சொந்தக்காரர்கள் முகம்கூட எனக்கு அவ்வளவு ஞாபகம் இருக்காது.

கீழ்த்தளத்தில் வேறு உடைகள், கோட்டுகள், அவர் கையால் வரைந்தவை, எழுதியவை. அவர் கடைசிக் காலத்தைப் பற்றியும் அங்கேதான் யோசித்துக்கொண்டு நின்றேன். 1964இல் நியூயார்க்கின் செல்சீ ஹோட்டலுக்குக் குடிபோனார். பணம் போயிற்று, கடை போயிற்று, பெரிய வாடிக்கையாளர்கள் போனார்கள். போகாதது வேலைதான். தன் பழைய உடைகளை வரவழைத்து, அன்டோனியோ லோப்பஸ் என்ற இளம் ஓவியரை வைத்து ஒவ்வொன்றையும் வரைய வைத்துப் பதிவு செய்தார். 1978இல் நியூயார்க்கிலேயே இறந்தார். உயிரோடு இருக்கும்போதே தன் கவுன்கள் மியூசியத்துக்குப் போக வேண்டும் என்று வாடிக்கையாளர்களைத் தூண்டித் தூண்டிக் கொடுக்க வைத்தவர் அவர். புரூக்ளின் மியூசியத்துக்கு அப்படிப் போய்ச் சேர்ந்த பெரும் தொகுப்பு 2009இல் மெட்ரோபாலிட்டனுக்கு வந்தது. அதனால்தான் 2014இல் அந்த இருட்டு அறையில் நானும் அக்காவும் வாய்பிளந்து நிற்க முடிந்தது. தன்னைப் பற்றி இவ்வளவு பெருமையாக நினைத்த மனிதரைத் திமிர் பிடித்தவர் என்பார்கள். திமிர் இல்லாவிட்டால் எனக்கு என்ன மிஞ்சியிருக்கும், சொல்லுங்கள்? அவர் க்ளோவர் லீஃபைத்தான் தன் வாழ்நாள் வேலையின் உச்சம் என்று நினைத்தார். நான் அதை முழுமனதோடு வழிமொழிகிறேன், என் ஓட்டுக்கு மதிப்பு இல்லை என்று தெரிந்தே.

கடைசியாக ஒன்று, இதைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அக்கா ஊருக்குத் திரும்பிக் கொஞ்ச நாளில், ஒரு ராத்திரி, அங்கே ராத்திரி, எனக்குக் காலை, ஆபீஸ் கிளம்புகிற நேரம், போன். கல்யாண லெஹங்கா ஒன்று வந்திருக்கிறது, கல்லும் ஜர்தோசியுமாகத் தூக்க முடியாத கனம், பொண்ணு ஒல்லி, நாடாவை எவ்வளவு இறுக்கினாலும் வழிந்து வழிந்து இறங்குகிறது, நாடா வயிற்றை அறுக்கிறது, பொண்ணு அழுகிறாள். அக்கா என்ன செய்தாள் தெரியுமா? லெஹங்காவைத் தொடவே இல்லை. உள்ளே தனியாக ஒரு பாவாடை தைத்தாள், இடுப்பில் கெட்டியான அகலப் பட்டி வைத்து, இடுப்பெலும்புக்கு மேல் அது உட்காருகிற மாதிரி வளைவாக வெட்டி, கீழே விறைப்புத் துணியில் இரண்டு அடுக்கு கொடுத்து, அந்தப் பட்டியில் கொக்கி வைத்து லெஹங்காவை மாட்டிவிட்டாள். கனம் முழுக்க உள்பாவாடையில்! பொண்ணு போட்டுக்கொண்டு கடைக்குள்ளேயே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாளாம், “அக்கா, வெயிட்டே தெரியலக்கா” என்றாளாம். போனில் அக்கா குரல் நடுங்குகிறது, எனக்கு இங்கே கை நடுங்குகிறது, ஒரு கையில் ஷூ, ஒரு கையில் போன். “தொப்பிக்காரன் ஜெயிச்சுட்டான்டா தம்பி!” என்று கத்துகிறாள். நானும் பதிலுக்குக் கத்தினேன், பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார், விடுவேனா, அவரையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, க்ளோவர் லீஃப் கதையை முதலிலிருந்து ஆரம்பித்தேன். அன்றைக்கு ஆபீஸுக்கு லேட்.